பேஸ்காரரின் மூன்று நிமிடம் ஐம்பது நொடி

"என் வாசிப்பை எதுக்கு மேடம் வெட்டுனீங்க?"

திங்கட்கிழமை காலை, வானொலி நிலையத்தின் வரவேற்பறையில் நின்று இப்படிக் கேட்டவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். தோளில் கருவிப்பை, முழங்கையில் கிரீஸ். வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

அவர் யாரைப் பார்த்துக் கேட்டாரோ அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. நிலையத்தில் அவளை எல்லோரும் 'புதுசு மேடம்' என்பார்கள். சனிக்கிழமை மாலை நான்கிலிருந்து ஐந்து வரை 'இந்த மாதம் புதுசு' என்று ஒரு ஜாஸ் நிகழ்ச்சி. பதினொரு வருடமாக அவள்தான் நடத்துகிறாள். விதி ஒன்றே ஒன்று. வெளியாகி முப்பது நாள் தாண்டிய இசைத்தட்டுக்கு அங்கே இடமில்லை. வாரத்துக்கு இருபது முப்பது தட்டுகள் வரும். ஒவ்வொன்றையும் வீட்டில் கேட்பாள். முதல் தடவை பாத்திரம் கழுவிக்கொண்டே. அப்போது காதைப் பிடித்து இழுத்தால் இரண்டாம் தடவை உட்கார்ந்து. அதையும் தாங்கினால் மூன்றாம் தடவை கையில் பென்சிலோடு. இத்தனையும் தாண்டி வருபவை ஆறோ ஏழோதான். அப்படிப் பொறுக்கி எடுத்து ஊருக்குக் கொடுக்கிறவளைப் பார்த்து வெட்டினாய் என்றால்?

"நானா? வெட்டினேனா? யார்கிட்ட வந்து என்ன பேசறீங்க?"

"உங்ககிட்டதான் பேசறேன். நீங்கதானே போட்டீங்க? பியானோவுக்கு அப்புறம் பேஸ் தனியா வரும், காலி வீட்டுல ஒரு மனுஷன் தனக்குத்தானே பேசிக்கற மாதிரி இருக்கும், மூச்சைப் புடிச்சிக்கிட்டுக் கேளுங்கன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன். எழுதி வெச்சுச் சொன்னேன்."

"எங்க வீட்டுல பதினோரு பேர் மூச்சைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தோம். பியானோ முடிஞ்சுது. அடுத்த நொடி வேற எவனோ சாக்ஸஃபோன் ஊதறான். அது முடிஞ்சதும் நீங்க வந்து, 'எப்படி இருந்துச்சு அந்த பேஸ்? கேட்டீங்களா?'ன்னு கேக்கறீங்க. என் மச்சான் என்ன சொன்னான் தெரியுமா? 'மாப்ள, நீ மனசுக்குள்ளயே வாசிச்சிட்டியா?'ன்னான். எங்கப்பா எழுந்து உள்ள போயிட்டாரு."

அவருடைய முதல் தட்டு அது. நான்கு பேர் கொண்ட குழு. அவர் வாசிப்பது பேஸ். ஆள் உயரத்துக்கு நிற்கிற, வயலினின் பெரியப்பா மாதிரியான மரக் கருவி. பகலில் லிஃப்டின் கம்பிகளை இழுத்துப் பார்க்கிற அதே விரல்கள்தான் அதன் கம்பிகளையும் இழுக்கின்றன. பதினைந்து வருடமாக மற்றவர்களின் பின்னால் நின்று வாசித்தவருக்கு, இந்தத் தட்டில்தான் முதல்முறையாக மூன்று நிமிடம் ஐம்பது நொடி தனியாகக் கிடைத்திருந்தது.

அவள் அவரைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். ஒலிபரப்பாகிற ஒவ்வொரு நொடியையும் நிலையம் தனியாகப் பதிந்து தொண்ணூறு நாள் வைத்திருக்க வேண்டும். அதற்கென்று ஒரு கணினி உண்டு. சனிக்கிழமை, மாலை நான்கு இருபது. தலைக்கருவியில் ஒரு காது அவளுக்கு, ஒரு காது அவருக்கு.

பியானோ ஓய்ந்தது. பேஸின் ஒரு சுரம் 'தும்' என்று விழுந்தது. அதன் அதிர்வு அடங்குவதற்குள் வேறொரு குழுவின் சாக்ஸஃபோன் காதைப் பிளந்தது.

அவளுக்குக் கன்னத்தில் அறை விழுந்ததுபோல் இருந்தது. பிறகு அவளுடைய சொந்தக் குரல், குழைந்து குழைந்து: "எப்படி இருந்துச்சு அந்த பேஸ்?"

"இப்ப சொல்லுங்க. நான் யார்கிட்ட வந்து என்ன பேசறேன்?" என்றார் மெக்கானிக்.

அவரைக் கீழே காத்திருக்கச் சொல்லிவிட்டு அவள் நேராக இன்ஜினியர் அறைக்குப் போனாள்.

இன்ஜினியர் கெட்ட மனிதர் அல்ல. நிலையத்தின் கம்பிகளெல்லாம் தன் நரம்புகள் என்று நினைக்கிற ரகம். விஷயத்தைக் கேட்டதும் பெருமையாகவே விளக்கினார்.

பழைய நாட்களில் அறிவிப்பாளர் பாட்டோடு பாட்டாக உட்கார்ந்திருப்பார். அது முடிந்ததும் கையால் அடுத்ததைத் தொடங்குவார். அறுபத்தெட்டு வாரத்துக்கு முன்னால் புதிய ஏற்பாடு வந்தது. அவள் வியாழக்கிழமை வந்து பேச்சை மட்டும் பதிந்துவிட்டுப் போவாள். சனிக்கிழமை அந்தப் பேச்சையும் பாட்டுகளையும் கணினியே கோத்து ஒலிபரப்பிவிடும். இதில் ஒரு சிக்கல். ஒரு பாட்டு எங்கே முடிகிறது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? அதற்குக் காது இல்லை. ஒலியின் அளவைக் காட்டுகிற முள்தான் உண்டு. அதனால் அதற்கு ஒரு கட்டளை: முள் இந்தக் கோட்டுக்குக் கீழே இரண்டு நொடி இறங்கினால் பாட்டு முடிந்தது, அடுத்ததைத் தொடங்கு.

"கடைசியில இருந்து பின்னால தேடினாப் போதுமே சார்? அப்ப உண்மையான முடிவுதானே கெடைக்கும்?"

"மொதல்ல அப்படித்தான் மேடம் வெச்சிருந்தேன். மொத வாரமே ஒரு விளம்பரக்காரன் ஒரே ஃபைல்ல ரெண்டு தடவை பதிஞ்சு அனுப்பிட்டான். நடுவுல மூணு நொடி இடைவெளி. மெஷின் கடைசில இருந்து தேடினதால ரெண்டும் சேந்து போயிடுச்சு. மேனேஜர் என்னைத் தூக்கில போடாத கொறை. அன்னைக்கே முன்னால இருந்து தேடுன்னு மாத்திட்டேன். மொதல் எறக்கத்துலயே முடி. அதுக்கப்புறம் ஒரு பிரச்சினை இல்ல!"

"விளம்பரத்துக்குச் சரி. என் பாட்டுக்கும் அதே கட்டளையா?"

"எல்லாம் ஒரே மெஷின்தானே மேடம்?"

ஜாஸ் எப்படி நடக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அப்போதுதான் இந்தக் கட்டளை செய்த அநியாயம் புரியும். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டைச் சொல்வார்கள். பிறகு ஆளுக்கொரு முறை: சாக்ஸஃபோன், பியானோ என்று ஒவ்வொருவரும் அந்த மெட்டை எடுத்துத் தன் போக்கில் அளப்பார்கள். பேஸின் முறை வரும்போது மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், சில சமயம் வாயையே மூடிவிடுவார்கள். காரணம் எளிது. பேஸ் பேசுவது அடித்தொண்டையில். பக்கத்தில் இன்னொருத்தர் பேசினால் எடுபடாது. அதன் பேச்சு முடிந்ததும் எல்லோரும் மறுபடி சேர்ந்து மெட்டுக்கு வந்து முடிப்பார்கள். ஆக, குழுவே மரியாதையோடு அடங்குகிற இடம் எதுவோ, அங்கேதான் முள் கோட்டுக்குக் கீழே இறங்கும். சாப்பிடுகிறவன் தண்ணீர் குடிக்கக் கையை எடுத்ததும் முடிந்தது என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போகிற சர்வரைப் போல, கணினி அங்கே பாட்டைத் தூக்கிவிட்டது. பேஸும் போயிற்று, திரும்பி வருகிற மெட்டும் போயிற்று.

"அறுபத்தெட்டு வாரமா?" என்றாள் அவள்.

கணினி எந்தப் பாட்டை எங்கே முடித்தது என்ற குறிப்பு அதன் வயிற்றிலேயே இருந்தது. இன்ஜினியர் அதை வரிசையாக எடுத்துக் கொடுத்தார். அவள் பென்சிலால் எண்ணினாள். நானூற்றுச் சொச்சம் பாட்டில் எண்பத்து மூன்று நடுவில் நின்றிருந்தன. எண்பத்து மூன்று பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்து வாயைத் திறந்ததும் அவர்கள் முகத்தில் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. எண்பத்து மூன்று தடவை அவள் வந்து, கேட்டீர்களா என்று கொஞ்சியிருக்கிறாள். அதில் மிச்சமான நேரத்தைக் கணினி நிலையத்தின் சொந்தப் பெருமையால் நிரப்பியிருந்தது: 'முழு இசை, முழு மகிழ்ச்சி' என்று ஒரு பெண் பாடுகிற பதினைந்து நொடித் துண்டு, திரும்பத் திரும்ப.

கோபத்தில் அவளுக்குக் காது சூடானது. ஆனால் ஒரு முள் அவளுக்குள்ளேயும் குத்தியது. ஏன் ஒரு சனிக்கிழமைகூடத் தனக்குத் தெரியவில்லை? காரணம் வெட்கக்கேடானது. தன் குரலைத் தானே கேட்க அவளுக்குக் கூசும். அதனால் அந்த ஒரு மணி நேரம் வானொலி இருக்கிற பக்கமே போகமாட்டாள்.

ஆனால் கேட்கிற ஒருத்தி வீட்டிலேயே இருந்தாள். தையல் கடை வைத்திருக்கிற அக்கா. ஒரு சனிக்கிழமையும் விட்டதில்லை. அவளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, என் நிகழ்ச்சியில பாட்டெல்லாம் பாதியில நிக்குதா?"

"ஆமா."

"என்ன ஆமா? ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"ஜாஸ்னா அப்படித்தான்னு நெனச்சேன்டி. நல்லாப் போயிட்டே இருக்கும், டக்குனு நிக்கும். அதான் ஸ்டைல்னு கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் நானே சொல்லிக் குடுத்திருக்கேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாதபோது அவள் வழக்கமாகச் செய்வது சண்டைக்குப் போவது. போனாள்.

நிலைய மேலாளரின் அறையில் எல்லாமே மெதுவாக இருக்கும்: நாற்காலி, கதவு, அவருடைய குரல். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புகார் ஏதாவது வந்திருக்கா மேடம்?"

"அதோ கீழ நிக்கறாரு, புகார்."

"அவர் வாசிச்சவரு. கேக்கறவங்க யாராவது?"

"கேக்கறவங்க எப்படி சார் புகார் பண்ணுவாங்க? கையில இருந்த பர்ஸ் காணாமப் போனா கத்தலாம். குடுக்கவே இல்லாத பர்ஸுக்கு யார் கத்துவாங்க?"

"அதான் சொல்றேன். யாருக்கும் தெரியாத ஒண்ண நாமளே போயி ஏன் சொல்லணும்? இன்ஜினியர் செட்டிங்கை மாத்தட்டும். அந்தத் தம்பியோட பாட்டை இந்த சனிக்கிழமை முழுசா போடுங்க. நேரலையிலயே போடுங்க, ஸ்டுடியோ தரேன். ஆனா பழசைப் பத்திப் பேச்சு வேணாம். இதை மட்டும் படிச்சிருங்க."

அவர் தட்டச்சு செய்து கொடுத்த தாளில் ஒரே வாக்கியம் இருந்தது: 'தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் சென்ற வாரம் முழுமையாக ஒலிபரப்ப இயலாத பாடல் இப்போது மறு ஒலிபரப்பாகிறது.'

"சென்ற வாரமா? அறுபத்தெட்டு வாரம் சார்!"

"மேடம், பதினோரு வருஷமா நிகழ்ச்சி நடத்தறீங்க. இன்னும் நடத்தணும்னு ஆசை இருக்கும்னு நெனைக்கறேன்."

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற தொனியில் சொன்னார். அவள் தாளை எடுத்துக்கொண்டாள்.

கீழே வந்து மெக்கானிக்கிடம் சனிக்கிழமை முழுவதும் வரும் என்றாள். "வீட்டுல எல்லாரையும் உக்கார வைங்க."

"ஒரு தடவை அசிங்கப்பட்டது போதும் மேடம். நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. எனக்கு அன்னைக்கு டூட்டி வேற." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு அவள் நேரலை ஸ்டுடியோவில் உட்கார்ந்தாள். அறுபத்தெட்டு வாரத்துக்குப் பிறகு கைக்குக் கீழே மறுபடி அந்த நழுவு விசைகள்: ஒன்றை மேலே தள்ளினால் மைக், இன்னொன்றைத் தள்ளினால் இசைத்தட்டு. இங்கே பாட்டு எப்போது முடிகிறது என்று சொல்ல வேண்டியது அவளுடைய விரல். கண்ணாடிக்கு அப்பால் இன்ஜினியர். அவர் முன்னால் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் ஸ்டுடியோ துண்டிக்கப்பட்டு ஒலிபரப்பு கணினியின் கைக்குப் போய்விடும். அவருக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, மேலாளர்.

இரண்டு புதுத் தட்டுகளைப் போட்டாள். நான்கு இருபதுக்கு மைக்கைத் திறந்து தாளைக் கையில் எடுத்தாள்.

"தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால்..." என்று தொடங்கி நிறுத்தினாள். தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"இது பொய்ங்க. தவிர்த்திருக்கலாம். ஒரு ஆள் உக்காந்து கேட்டிருந்தாப் போதும், தவிர்த்திருக்கலாம். அறுபத்தெட்டு வாரமா இந்த நிகழ்ச்சியில எண்பத்து மூணு பாட்டை நடுவுல வெட்டிப் போட்டிருக்கோம். சத்தம் கொறைஞ்சா பாட்டு முடிஞ்சிருச்சுன்னு நெனைக்கற ஒரு மெஷின் வெட்டிச்சு. அதைக் கேக்காம இருந்தது நான். கேட்டீங்களா, எப்படி இருந்துச்சுன்னு உங்களை வேற கேட்டேன். நீங்க என்ன நெனச்சிருப்பீங்க? உங்களுக்குத்தான் காது சரியில்லைன்னு நெனச்சிருப்பீங்க. உங்க காதுல ஒரு கோளாறும் இல்ல. இப்ப முதல் பாட்டைத் திருப்பித் தரேன். ஒன்பது நிமிஷம் நாப்பது நொடி. ஒரு நொடி கொறையாது."

விசையை மேலே தள்ளினாள். மெட்டு வந்தது, சாக்ஸஃபோன் வந்தது, பியானோ வந்து ஓய்ந்தது. 'தும்' என்று முதல் சுரம் விழுந்தது. முள் கோட்டுக்குக் கீழே இறங்கியது. அவள் கையைக் கட்டிக்கொண்டு அந்த முள்ளை முறைத்துப் பார்த்தாள். இரண்டாவது சுரம் வந்தது. மூன்றாவது வந்தது.

பாட்டு முடிவதற்குள் தொலைபேசி விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. முதல் அழைப்பு வந்திருந்த எண் அக்காவுடையது. மெட்டு திரும்பி வந்து முடிந்ததும், யோசிக்காமல் அதை அப்படியே ஒலிபரப்பிலேயே எடுத்தாள்.

"சொல்லுக்கா. கேட்டியா?"

"கேட்டேன்டி. தப்பா நெனைக்காத. பியானோவுக்கு அப்புறம் ஏதோ ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்லாமப் போச்சு. ரேடியோ ரிப்பேரோன்னு தட்டிப் பாத்தேன். முன்ன மாதிரி வெட்டிப் போட்டதே நல்லா இருந்துச்சு."

கண்ணாடிக்கு அப்பால் மேலாளர் முகத்தில் முதல்முறையாகப் புன்னகை தெரிந்தது. ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"எத்தனை மெஷின் ஓடுது கடையில?"

"நாலு. ஏன்?"

"நிறுத்து."

"கஸ்டமர் நிக்கறாங்கடி!"

"அவங்களும் கேக்கட்டும். நாலு மெஷினையும் நிறுத்திட்டு ரேடியோவைப் பெருசா வை. அந்த மனுஷன் அடித்தொண்டையில பேசறாரு, நீ கடகடன்னு தெச்சுக்கிட்டு ஒண்ணுமே இல்லைங்கற. லைன்லயே இரு. எங்கயும் போகாத."

"ஊரே கேக்குதுடி, இப்படியா அக்காவை..."

"ஊருக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

பாட்டின் எந்த இடத்தில் பேஸ் தொடங்குகிறது என்பது அவளுக்கு நொடிக்கணக்கில் தெரியும். இசைத்தட்டை அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். "மெட்டை அவர் மறக்கல. முதல் ரெண்டு வரியைத் தலைகீழா சொல்லிப் பாக்கறாரு. கவனிங்க" என்று மட்டும் சொல்லி, மறுபடி ஓடவிட்டாள்.

தலைக்கருவியில் இன்ஜினியர் அறையின் பேச்சு கேட்டது. அங்கிருந்து அவளோடு பேசுகிற பொத்தானை யாரோ அழுத்தியபடியே விட்டிருந்தார்கள்.

"ஆட்டோவுல போடுங்க, இனி மெஷினே ஓட்டட்டும்," என்றது மேலாளரின் மெதுவான குரல். "போதும்."

"இப்பவா சார்?"

"இப்பத்தான்."

கொஞ்ச நேரம் பேஸ் மட்டும் கேட்டது.

"இப்பப் போட்டா நடுவுல வெட்டும் சார்," என்றார் இன்ஜினியர். "முடியட்டும்."

இரண்டாவது விளக்கு மினுங்கியது. அதை ஒலிபரப்பில் விடாமல் தன் காதுக்கு மட்டும் எடுத்தாள். ஒரு ஆண் குரல் கிசுகிசுத்தது: "மேடம், நான் அவனோட மச்சான் பேசறேன். அவன் எங்களுக்குச் சொல்லவே இல்ல, மாமாதான் ரேடியோ போட்டு வெச்சாரு. இது நிஜமாவே அவன்தானா? அவன் ஒருத்தனேவா?" பின்னாலிருந்து ஒரு முதியவர் அதட்டினார்: "போனை வைடா. கேக்க விடு." தொடர்பு நின்றது.

மூன்று நிமிடம் ஐம்பது நொடி. கடைசிச் சுரத்தின் அதிர்வு காற்றில் கரைகிற வரை அவள் விசையில் கை வைக்கவில்லை. பிறகு அக்காவின் விசையைத் தள்ளினாள்.

"அக்கா?"

தையல் கடை அமைதியாக இருந்தது.

"நடுவுல ஒரு எடத்துல அந்த ஆளு மூச்சு வாங்கறாருடி," என்றாள் அக்கா. "இழுத்து ஒரு மூச்சு. கேட்டியா?"

"கேட்டேன்."

"நீளம்தான். இருந்தாலும் நீளம்தான். மெஷினைப் போடட்டுமா?"

"போட்டுக்கோ."

மீதி நேரத்துக்கு இன்னும் இரண்டு புதுத் தட்டுகளை முழுதாகப் போட்டாள். ஐந்து மணிக்குச் செய்தி தானாக வந்து சேர்ந்துகொண்டது. அவள் தலைக்கருவியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். இன்ஜினியர் ஏதோ கம்பியைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"திங்கக்கிழமை காலையில என் ரூமுக்கு வாங்க மேடம்," என்றார் மேலாளர். குரல் இப்போது அத்தனை மெதுவாக இல்லை.

"வரேன் சார். மத்த எண்பத்து ரெண்டையும் எழுதி எடுத்துக்கிட்டே வரேன்."